கடலுக்குத் திரும்பிய லாரி

பீர் முகமது ஓட்டி வந்த கருவாட்டு லாரி திண்டுக்கல் சந்தைக்குள் நுழைந்தபோது வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. கூடைகளை இறக்கிக்கொண்டிருந்த காத்தமுத்து திடீரென்று அலறினான்.

“யக்கா, ஓடியா! சாக்கு நகருது!”

கருவாட்டுக் கடை அங்காளம்மாள் லாரியில் தாவி ஏறி ஈரச் சாக்கை விலக்கினாள். அண்டா அளவுக்கு ஒரு கடலாமை மல்லாக்கக் கிடந்து துடுப்புக் கால்களை அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் வெள்ளையாய், உருண்டையாய் ஒரு முட்டை.

“பாய், இது புள்ளத்தாச்சி!”

பீர் முகமது திகைத்துப்போனார். டவுனில் ஒரு ஹோட்டலுக்கென்று கடற்கரை ஏஜெண்டு ஏற்றிவிட்டது அது. அதற்குள் ஹோட்டல்காரரே வந்துவிட்டார்.

“எறக்குங்கப்பா, என் சரக்கு.”

“நீங்க வாங்குனது ஆமைய. வயித்துக்குள்ள கெடக்குறத யாரு உங்களுக்கு வித்தா?” என்றாள் அங்காளம்மாள்.

சந்தையே சிரித்தது. காய்கறிக்காரிகள் லாரியைச் சுற்றி நின்றுகொண்டார்கள். ஹோட்டல்காரர் முணுமுணுத்தபடி திரும்பிப் போனார்.

“நாளைக்குக் கடற்கரைக்குத் திரும்பிப் போற வண்டிதான். இப்பவே எடுக்குறேன்,” என்றார் பீர் முகமது. “வழியெல்லாம் தண்ணி ஊத்த ஆள் வேணுமே?”

“நான் வாரேன்!” அங்காளம்மாள் முந்தானையை இழுத்துச் செருகினாள். அத்தனை வருஷம் கருவாடு விற்றவள் கடலைப் பார்த்ததே இல்லை.

ஆமையைக் கவிழ்த்துப் படுக்க வைத்து, சாக்கை நனைத்துப் போர்த்தினார்கள். லாரி பறந்தது. மதுரை, மானாமதுரை, பரமக்குடி என்று ஊருக்கு ஊர் குடம் குடமாகத் தண்ணீர் கேட்டு வாங்கி ஊற்றினாள். விஷயம் தெரிந்தவர்கள் தாங்களே ஓடிவந்து ஊற்றினார்கள்.

பொழுது சாயுமுன் கரை தெரிந்தது. மீன்காரி முத்துப்பேச்சி ஆட்களைக் கூட்டிவந்தாள். எல்லோரும் சேர்ந்து தூக்கி ஈர மணலில் விட்டார்கள். ஆமை சற்று நேரம் அசையவில்லை. அங்காளம்மாள் கடைசிக் குடத்து நீரை அதன் முதுகில் ஊற்றினாள். ஓர் அலை வந்து அதன் தலையை நனைத்தது. துடுப்பு ஒன்று மணலைத் தள்ளியது, பிறகு மற்றொன்று. அடுத்த அலையில் ஆமையைக் காணோம்!

“போயிட்டா! போயிட்டா!” என்று இடுப்பளவு நீரில் நின்று கத்தினாள் அங்காளம்மாள்.

“முட்டையிடுற காலத்துல இந்தக் கரையில நாங்க முறை போட்டுக் காவல் காக்குறோம்,” என்றாள் முத்துப்பேச்சி. “பக்கத்துக் கரையில புடிச்சு லாரியில ஏத்திடுறானுக. நாங்க என்ன செய்ய?”

பீர் முகமது சொன்னார்: “திண்டுக்கல் லாரி எதுவும் இனிமே ஏத்தாது. அது என் பொறுப்பு.”

சொன்னபடி செய்தார். லாரி ஷெட்டில் ஒவ்வொரு டிரைவரிடமும் பேசினார். ஏஜெண்டு கெஞ்சினான், மிரட்டினான். ஒரு வண்டியும் மசியவில்லை.

மறுவருஷம் சந்தைப் பெண்கள் காவலுக்குத் துணையாக ஒரு லாரி நிறையப் போய்க் கரையில் இறங்கினார்கள். விடியற்காலை மணல் புடைத்து, உள்ளங்கை அளவுக் குஞ்சுகள் புறப்பட்டு வந்தன. மேலே காக்கைகள் வட்டமிட்டன.

“ஏலே, கிட்ட வந்தே, தெரியும் சேதி!” என்று முந்தானையைச் சுழற்றிக்கொண்டு அங்காளம்மாள் குஞ்சுகளின் பின்னாலேயே கடல்வரைக்கும் ஓடினாள்.