செல்லியம்மாளின் பாதித் தட்டு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை ஒரு பிரஷர் மாத்திரையில் பிறந்தது. என் பெயர் அத்தியா, வயது முப்பத்தொன்று, கள்ளக்குறிச்சி ஜவுளிக்கடைக்காரர் மகள். மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டர், "உங்கம்மாவுக்கு உங்கள சுமந்தப்போ பிரஷர் இருந்துச்சா?" என்று கேட்டார். வயிற்றில் இருக்கும்போதே அது பிள்ளையின் இதயத்தில் பதிந்துவிடுமாம். வீட்டுக்கு ஓடி அம்மாவிடம் கேட்டேன்.

"ஜாஸ்தியாதான் இருந்துச்சு. காலு வீங்கிக்கினு கெடந்தேன். அதுக்கு இன்னா இப்போ?"

அதுக்கு இன்னாவா? நான் பிறப்பதற்கு முன்பே என் இதயத்தின் முதல் அத்தியாயத்தை எழுதிவிட்டார்கள்! எந்த எழுத்தாளருக்கு இந்த யோகம் வாய்க்கும்? அன்றைக்கே பேனாவை எடுத்துவிட்டேன்.

2

முதல் தொடக்கம்: "கருவில் உருவாகும் இதயமானது தாயின் ஊட்டச்சத்தைப் பொறுத்து..." (சுகாதாரத் துறைச் சுவரொட்டி. அடித்துவிட்டேன்.)

இரண்டாவது: "வெள்ளிமலையின் மேல் மேகங்கள்..." (எங்கள் ஊர்ப்பக்கத்து மலை. மலை என்றதும் மேகத்தை எழுதும் வியாதி எனக்கும் இருக்கிறது.)

பேசாமல் பஸ் ஏறி வெள்ளிமலைக்கே போய்விட்டேன். அங்கே துணை சுகாதார நிலையத்தில் நர்ஸ் பெரியநாயகி, ஏழு மாதக் கர்ப்பிணி செல்லியம்மாளை எடை பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா செல்லி, ஒரு மாசமா எடையே ஏறல. சாப்டறியா இல்லியா?"

"பாதித் தட்டுதாங்க. வலி வந்து, ஜீப்பு கீழ ஆசுபத்திரிக்கு எறங்கறதுக்குள்ள வழியிலயே பெத்துட்டா? புள்ள சின்னதா இருந்தாதான் சுளுவா வரும்."

"வயித்துல பசியோட வளர்ற புள்ளைக்கு இதயம் அரைகொறையா தயாராவும். நாப்பது அம்பது வயசுல பிரஷரு, மாரடைப்பு வர வாய்ப்பு ஜாஸ்தி."

"அம்பது வயசு அப்புறங்க. மொதல்ல அது உசுரோட வரணும்."

(குறிப்பு: தாயைக் குற்றம் சொல்லும் கதையாக இதைப் படித்தால் எனக்குக் கோபம் வரும். குற்றவாளி வேண்டுமென்றால் அந்த மலைப்பாதையைப் பிடியுங்கள். வாய்ப்பு என்றால் விதி என்றும் அர்த்தமில்லை. மாத்திரையோடு நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.)

3

முடிவு அ: செல்லியம்மாளின் மகன், நாற்பத்தெட்டாவது வயதில், கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு...

"இன்னா எழுதறீங்க?" என்று செல்லியம்மாள் எட்டிப் பார்த்தாள். படித்துக் காட்டித் தொலைத்தேன். கர்ப்பிணியிடம் படிக்கிற பக்கமா அது?

"அந்தத் தாள கிழிங்க" என்றாள். கிழித்தேன். வெட்கமாக இருந்தது.

பெரியநாயகி எங்கள் இருவரையும் பார்த்தார். "ஏன் செல்லி, உன் பயம் ஜீப்புதானா? கடைசி மாசம் கீழ ஆசுபத்திரியிலயே வந்து தங்கிக்க. அதுக்குன்னு ரூம் இருக்குது."

"வலி வர்றதுக்கு முன்னாடியேவா?"

"முன்னாடியேதான்."

"இத மொதல்லியே சொல்றதுக்கு இன்னாங்க?"

"நீ ஜீப்ப பத்தி இன்னிக்குத்தான சொன்ன."

செல்லியம்மாள் தூக்குவாளியைத் திறந்து சாமைச்சோறு சாப்பிட ஆரம்பித்தாள். பாதியில் கை நின்றது. பிறகு மறுபடி பிசைந்தாள்.

4

முடிவு ஆ என்னிடம் இல்லை. அந்தப் பிள்ளைக்கு நாற்பத்தெட்டு ஆகும்போது நான் இருப்பேனா தெரியாது. நீங்கள் என்னைவிட இளையவர் என்றால் பொறுப்பு உங்களுடையது. வெள்ளிமலை ஏற்றத்தில் அந்த ஆளைப் பார்த்தால் நிறுத்தி, பிரஷர் எவ்வளவு என்று கேட்டு இங்கே எழுதிவிடுங்கள்: ..............

இப்போதைக்கு நான் கண்ணால் பார்த்தது இவ்வளவுதான்: செல்லியம்மாள் வாளியை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, பெரியநாயகியின் டிபன் பாக்ஸைக் காட்டி, "அதுல இன்னா இருக்குதுங்க?" என்று கேட்டாள்.