இருநூற்றுப் பதினாறு கதைகளும் ஒரு மேல்செட்டும்

உலகத் தலைவர்கள் கையிலிருக்கும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு, இன்று காலை பத்தேகாலுக்கு, பல்செட் செய்து பிழைக்கும் ஐம்பத்திரண்டு வயது ஆசாமி ஒருவன், பதினோரு வருடமாகப் பார்த்துப் பார்த்து வாங்கிச் சேர்த்த இருநூற்றுப் பதினாறு ஒலிக்கதைகளில் ஒன்றுகூடத் தன்னுடையது இல்லை என்று அறிந்துகொண்டான், அறிந்துகொண்ட நேரத்தில் அவனது இடது கையில் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரின் மேல்செட் இருந்தது, வலது கையில் போன்... அந்த ஆசாமி நான்தான், இந்த மாதிரி விஷயமெல்லாம் வேறு யாருக்கு நடக்கிறது. போனில் கதைக்கடையின் உதவியாளர் எழுதிக்கொண்டிருக்கிறார், ‘தாங்கள் பெற்றிருப்பது தங்களுக்கு மட்டுமே உரிய, பிறருக்கு மாற்றித்தர இயலாத, கேட்கும் உரிமம் ஆகும்’, படித்ததும் என்னையறியாமல் நிமிர்ந்து உட்கார்ந்தேன், நம்மை யாரும் இவ்வளவு மரியாதையாக வெறுங்கையோடு அனுப்பியதில்லை. மாற்றித்தர வேண்டிய தூரம் என்னவோ நாலு அடிதான். எதிர் மேசை. அங்கே மெழுகம்மா, மெழுகு வேலை அவளுடையது என்பதால் நான் வைத்த பெயர், உட்கார்ந்து, கடைசி நாளும் அதுவுமாக, யாருக்கோ கீழ்ப்பல் வரிசையை மெழுகில் பதித்துக்கொண்டிருக்கிறாள், சாயங்காலம் போய்விடுவாள், வேறு ஊரில் தங்கையோடு சேர்ந்து சொந்தமாக ஒரு பல் லேப் திறக்கிறாள், இரண்டு மேசை, இரண்டு மோட்டார், ஜன்னல் கிழக்கே பார்த்தது, எல்லாம் இருக்கிறது, கதை இல்லை. கதை இல்லாமல் எப்படி ஒருத்தி நாள் முழுக்கப் பல் வைப்பாள்?

அதனால்தான் என் கதைகளை அவள் பெயருக்கு மாற்றித்தரச் சொல்லிக் கேட்டேன். பரிசாக ஒரு பூச்சாடியோ சுவரில் மாட்டும் படமோ கொடுத்து ஆளை அனுப்புவது எனக்கு ஒப்பவில்லை, அலமாரி மேலிருக்கும் அந்தச் சின்ன ஸ்பீக்கரில் பதினோரு வருடம் சேர்ந்து கேட்டிருக்கிறோம், வாங்கியது நான், கேட்டது இரண்டு பேர், பண்ணையார் வீட்டுக் கொலையிலிருந்து கப்பல் முழுகும் கதை வரைக்கும், குடும்பக் கதைகள் மட்டுமே நாற்பது. அவள் கதையைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை, அதுதான் எனக்கு அவளிடம் பிடித்தது, ‘அந்த அத்தை அப்படிச் செய்திருக்கக் கூடாது’ என்று நடுவில் வாய் திறக்கிற ஆட்களோடு எனக்கு ஒட்டாது, இவள் அசல் ரசிகை, சிரிக்க வேண்டிய இடத்தில் சரியாகச் சிரிப்பாள், முகமூடிக்கு மேலே கண் சுருங்குவது தெரியும். கப்பல் முழுகிய அன்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள், அக்ரிலிக் திரவத்தின் காரம் கண்ணைக் கரிக்கும் என்பது உண்மைதான், ஆனால் அன்றைக்குத் துடைத்தது வேறு மாதிரி. சில நாள் முதலாளி மூன்று தடவை கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாள், மரியாதை போதாது என்பார் அவர், அவருக்கென்ன தெரியும், லயிப்பு என்றால் என்னவென்று. வந்த முதல் நாளே என்னை அண்ணா என்று கூப்பிட்டு ஊர் வாயையெல்லாம் ஒரே சொல்லில் தைத்துவிட்டவள், எனக்கும் அதில் வருத்தமில்லை, அதாவது பெரிய வருத்தமில்லை... இந்த வயதில் எதிர் மேசையில் சேர்ந்து சிரிக்க ஓர் ஆள் கிடைப்பதே அதிகம்.

பொத்தானில் ‘வாங்கு’ என்றுதான் இருந்தது. இருநூற்றுப் பதினாறு தடவையும். ஒரு தடவையாவது ‘வந்து கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போ’ என்று போட்டிருந்தால் நான் செருப்பை வெளியே கழற்றிவிட்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, நாகரிகமாக நடந்துகொண்டிருப்பேன். இதையே உதவியாளருக்கு எழுதினேன், ‘தங்கள் உணர்வை நாங்கள் மதிக்கிறோம்’ என்று வந்தது, உணர்வை மதிக்கிறவர்கள் எப்போதும் உணர்வை மட்டும்தான் மதிக்கிறார்கள். இந்த மேல்செட்டையே எடுத்துக்கொள்ளுங்கள், தலைமையாசிரியரின் அண்ணத்தை அச்செடுத்து, மெழுகில் கட்டி, அக்ரிலிக்கில் வார்த்து, உரசி, வழவழப்பாக்கி, அவர் ஒருவர் வாய்க்கென்றே செய்தது, உலகத்தில் இன்னொரு வாயில் இது உட்காராது, ஆனால் நாளைக்கே அவர் இதைத் தன் மச்சினனுக்குத் தூக்கிக் கொடுக்கலாம், ஒரு சட்டமும் தடுக்காது, காவல்காரன் வர மாட்டான், மச்சினன் வாய்தான் புண்ணாகும். யாருக்கும் பொருந்தாததை யாருக்கும் கொடுக்கலாம், எல்லோருக்கும் பொருந்துவதை எதிர் மேசைக்குக்கூடக் கொடுக்கக் கூடாது... இது எந்த ஊர் நியாயம், யார் உட்கார்ந்து யோசித்தது, யோசித்தவருக்குச் சொந்தப் பல்லா கட்டின பல்லா?

இந்த இடத்தில் முதலாளி வந்து பின்னால் நின்றார், போனை எட்டிப் பார்த்தார், அவருக்கு எந்த விஷயத்திலும் கருத்து உண்டு, போன மாதம் சங்கக் கூட்டத்தில் ‘நாளைய உலகில் பல்’ என்ற பொருளில் ஒன்றேகால் மணி நேரம் பேசி, முன்வரிசையில் மூன்று பேரை வாய் திறந்தபடி தூங்க வைத்தவர், நாங்கள் தொழில் முறையில் அந்த வாய்களைப் பார்வையிட்டோம். தொண்டையைச் செருமிக்கொண்டு, “இதுல ஒரு தத்துவம் இருக்குப்பா, நீ வாங்கினது பொருள் இல்ல, அனுபவம். அனுபவத்த எப்படிக் கைமாத்த முடியும்?” என்றார். “அப்ப உங்க கார் என்ன முதலாளி?” “கார் பொருள்.” “அதுல பாதிக்கு மேல சாஃப்ட்வேர்தான்னு நீங்கதான் பெருமையா சொன்னீங்க. விக்கும்போது அந்தப் பாதிய கழட்டி வீட்ல வெச்சுட்டு வித்துருவீங்களா?” அவர் சற்று நேரம் காரைப் பற்றி யோசித்தது தெரிந்தது, தத்துவம் முகத்திலிருந்து மெல்ல இறங்கியது, “உனக்கு எல்லாத்துக்கும் ஒரு குதர்க்கம், அந்த மேல்செட் மத்தியானத்துக்குள்ள போகணும்” என்று உள்ளே போய்விட்டார். மெழுகம்மா தலையைத் தூக்கவில்லை. கண்டுகொள்ளாமல் இருப்பதும் ஒரு ஆதரவுதான்.

ஆனால் நேர்மையாக யோசித்தால்... யோசித்துத்தான் ஆக வேண்டும், உரசும்போது வேறென்ன வேலை... கதைக்கடைக்காரன் சொல்வதிலும் ஒரு பிடி இருக்கிறது. காகிதப் புத்தகம் நாலு கை மாறினால் முதுகு விட்டுப்போகும், பத்துக் கை மாறினால் கடைசிப் பக்கம் காணாமல் போகும், பதினோராவது ஆள் போய்ப் புதிதாக வாங்குவான், எழுதியவன் வீட்டில் அடுப்பு எரியும். இந்த ஒலிக்கதைக்குத் தேய்மானமே கிடையாது, ஒருவன் வாங்கி ஊரே கேட்டு, ஊர் அடுத்த ஊருக்குக் கொடுத்து, பேரன் பேத்தி காலம் வரை ஒரே பிரதி சுற்றிக்கொண்டே இருந்தால் எழுதியவன் எங்கே போவான், என்னிடம் பல் கட்டிக்கொள்ளக்கூட வர மாட்டான், மெல்லுவதற்கு என்ன இருக்கும். சரி. ஆனால் நான் பிரதி கேட்கவில்லையே. கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்கிற உரிமையைத்தான் கேட்கிறேன், அவள் பக்கம் சேர், என் பக்கம் அழி, அவ்வளவுதான், கொடுக்கிறதென்றால் அதுதானே, தன்னிடம் இல்லாமல் போவது. நான் எந்தக் கதையில் எத்தனையாவது நிமிடத்தில் தூங்கினேன் என்று தெரிந்து வைத்திருக்கிற கம்பெனிக்கு, ஒரு பெயரை எடுத்துவிட்டு இன்னொரு பெயரைப் போடத் தெரியாதா? ஒரு தடவை மட்டும் மாற்றலாம் என்று வைக்கட்டும், வருடத்துக்கு இத்தனைதான் என்று வைக்கட்டும், எழுதியவனுக்கு அதில் ஒரு பங்கு கொடுக்கட்டும், வழியா இல்லை... இதையெல்லாம் நான் எழுதி அனுப்பினேன், நீளமாக, கட்டைவிரல் வலிக்க, ‘தங்கள் கருத்து உரிய பிரிவுக்கு அனுப்பி வைக்கப்படும்’ என்று வந்தது, அந்த உரிய பிரிவு எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும், எங்கள் லேபிலும் ஒன்று இருக்கிறது, அடியில் மிதித்தால் மூடி திறக்கும்.

சரி, வேறு வழியே இல்லையா என்று கேட்டேன், என் பாஸ்வேர்டையே ஒருவருக்குக் கொடுத்தால்? பதில் வந்தது, ‘கடவுச்சொல்லைப் பகிர்வது விதிமீறல். மேலும் ஒரே நேரத்தில் ஒரு கருவியில் மட்டுமே கதை ஒலிக்கும். இன்னொரு கருவியில் தொடங்கினால் முதலாவது தானாக நின்றுவிடும்.’ யாராவது வந்து பிடிப்பார்களா என்றேன். ‘அது குறித்து நான் எதுவும் சொல்ல இயலாது.’ ஒரு நிமிடம் கழித்து, ‘நான் எதுவும் சொல்லவில்லை என்பதைக் கவனிக்கவும்.’ மனிதர்தான், இயந்திரமாக இருந்தால் இவ்வளவு கெட்டிக்காரத்தனமாக வாயை மூடத் தெரியாது, எங்கேயோ ஒரு மேசையில் உட்கார்ந்திருக்கிறார், அவருக்கும் எதிர் மேசை என்று ஒன்று இருக்கும். நான் மேல்செட்டைக் கீழே வைத்தேன். அவர் சொன்னது அப்போதுதான் உள்ளே இறங்கியது... அங்கே தொடங்கினால் இங்கே நிற்கும். அதாவது காலையில் நான் இங்கே கதையைப் போட்டு உட்கார்ந்திருப்பேன், துப்பறிகிறவர் கதவைத் தட்டுகிற இடத்தில் சட்டென்று நிற்கும், ஆஹா, அங்கே மெழுகம்மா லேபைத் திறந்துவிட்டாள், கிழக்கு ஜன்னலில் வெயில், மெழுகு சூடாகிறது. மத்தியானம் மறுபடி ஓடும், சாப்பிடப் போயிருக்கிறாள். கடிதம் வேண்டாம், நலமா நலமே வேண்டாம், கதை நின்றால் நலம். மாற்றித்தர முடியாது என்று சொன்ன அந்தக் கம்பெனி நீடூழி வாழட்டும், முழுசாக மாற்றிக் கொடுத்திருந்தால் அவள் கதையைக் கேட்பாள், எனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. காலையெல்லாம் எதற்காகச் சண்டை போட்டேனோ அது கிடைக்காமல் போனதில் எனக்கு இவ்வளவு சந்தோஷமா... வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் தலைமையாசிரியரின் முன்பல் இரண்டையும் விசிலடித்துக்கொண்டே மெருகேற்றினேன், அந்த மனிதர் இனி யாரைப் பார்த்துச் சிரித்தாலும் அதில் என் சந்தோஷம் கொஞ்சம் இருக்கும்.

பன்னிரண்டரைக்கு மோட்டார்கள் நின்றன. அவள் மெழுகுக் கத்திகளைத் துடைத்துத் துணியில் சுருட்டிக்கொண்டிருந்தாள், நான் ஒரு துண்டுச் சீட்டில் கணக்கின் பெயரையும் பாஸ்வேர்டையும் கொட்டை எழுத்தில் எழுதி, சுற்றி வந்து, நீட்டினேன். “இந்தாம்மா. புது லேபுக்கு என்னோட பரிசு. அத்தன கதையும் இதுக்குள்ள இருக்கு, அங்க போட்டுக்க.” அவள் சீட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், “என்ன கதைண்ணா?” “என்ன கதையா? இங்க ஓடுற கதைதான்.” அவள் அலமாரி மேலே பார்த்தாள். “அது ரேடியோ இல்லையா?” நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், அவள் “ஒரு நிமிஷம்ணா” என்று காதை மூடிய வேலைத் தொப்பியைத் தூக்கி, இரண்டு காதிலிருந்தும் பஞ்சை எடுத்தாள், சுண்டைக்காய் அளவு இரண்டு உருண்டை, பழக்கப்பட்ட கை. “மோட்டார் சத்தம் எனக்கு ஆகவே ஆகாது. சேர்ந்த ரெண்டாவது நாள்லேர்ந்து வெச்சுக்கறேன். உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன். இப்பச் சொல்லுங்க.” “அப்ப சிரிப்பியேம்மா” என்றேன். “நீங்க சிரிப்பீங்க. எதிர்ல ஒரு மனுஷன் தோள் குலுங்கச் சிரிச்சா நாம எப்படி உம்முன்னு இருக்கறது? நல்லா இருக்கும்ணா உங்க சிரிப்பு, சத்தமே இல்லாம.” பிறகு என் முகத்தில் எதைப் பார்த்தாளோ, சீட்டை வாங்கி ஒழுங்காக மடித்துக் கைப்பையில் வைத்தாள், “குடுங்க, வீணாப் போகாது, தங்கச்சிக்கு இதெல்லாம் உசிரு. அவகிட்ட குடுத்துடறேன்.”

ஆக, மாற்றித்தர இயலாதது ஒரே நிமிடத்தில் இரண்டு கை மாறிவிட்டது, இனிமேல் காலையில் கதை நின்றால் நான் முன்பின் பார்த்திராத ஒரு தங்கச்சி லேபைத் திறந்துவிட்டாள் என்று அர்த்தம், அவளும் நலமாக இருக்கட்டும், எனக்கென்ன... திரும்பி வந்து உட்கார்ந்தேன், தலைமையாசிரியரின் பல்லைப் பெட்டியில் வைத்தேன், கோபம் வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. அப்படியென்றால் பதினோரு வருடமும் கதை கேட்டது நான் ஒருவன்தான், அவளுக்குக் கொலையும் இல்லை, கப்பலும் இல்லை, எதிரே இருந்தது நான் மட்டும், நான் சிரித்த ஒவ்வொரு தடவையும் கூடவே சிரித்திருக்கிறாள் என்றால் ஒவ்வொரு தடவையும் பார்த்திருக்கிறாள் என்றுதானே ஆகிறது, யோசித்துப் பார்த்தால் நான் தலை நிமிர்ந்தபோதெல்லாம் அவள் கண் இந்தப் பக்கம்தான் இருந்தது, கதை ஓடாத நாளிலும்கூட, அதை ஏன் நான் ஒரு தடவையாவது... கேட்கலாமா, இன்னும் சாயங்காலம் வரை நேரம் இருக்கிறது, கேட்டால் என்ன சொல்வாள், இப்போதும் அங்கிருந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். அவள் பார்வை போன பக்கம் நானும் திரும்பிப் பார்த்தேன். என் நாற்காலிக்கு நேர் மேலே சுவர்க்கடிகாரம் மாட்டியிருக்கிறது.