கரைப் பாறையில் சிவப்புப் போர்வை

1

ஹெக்டர் மெர்க்ரெடி என்னிடம் கேட்டது ஒரு சின்ன உதவி. மீன்பிடி முகாமில் இருக்கும் டெல்ஃபினிடம் போய் ஒரு கேள்வி கேட்டு, பதிலை வாங்கி வரவேண்டும். எனக்கு அதற்கு வாய் வரவில்லை. அதனால் கதை எழுத உட்கார்ந்தேன். கதையில் கேட்டுவிட்டதாக எழுதிக்கொள்ளலாம், பதில் வந்துவிட்டதாகவும் எழுதிக்கொள்ளலாம். இது பிறந்த விதம் இவ்வளவுதான், பெருமைப்பட ஒன்றுமில்லை.

ஹெக்டர் விமானி. ஏரியில் இறங்கி ஏரியில் ஏறும் சிறிய விமானம். கோடையில் அதன் காலில் மிதவைகள், குளிர்காலத்தில் சறுக்குக் கட்டைகள். வடகோடியில் இருக்கும் எங்கள் ஊரிலிருந்து சுற்றுவட்ட மீன்பிடி, வேட்டை முகாம்களுக்கு மாவு, பெட்ரோல், வலை, பிரசவ வலி எடுத்த பெண்கள், பல்வலிக்காரர்கள், சவப்பெட்டி எல்லாம் அவர்தான் கொண்டுபோய்க் கொண்டுவந்தார். இந்தக் கோடையில் டாக்டர் அவர் நெஞ்சில் கருவியை வைத்துக் கேட்டுவிட்டு, இனி ஓட்டக் கூடாது என்று சொல்லிவிட்டார். தெற்கே நகரத்தில் இருக்கும் மகள் இவெட், தன்னோடு வந்துவிடச் சொல்கிறாள். அவரைக் கூட்டிப்போக இந்த வாரக் கடைசியில் வருகிறாள்.

நான் ஊர் வானொலியில் செய்தி சேகரித்து வாசிப்பவன். ஹெக்டர் என்னை அந்தப் பெயராலேயே கூப்பிடுவார்.

"ரேடியோ, ஒரு வேலை இருக்கு. டெல்ஃபின்கிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லணும்."

"என்னன்னு?"

"அன்னிக்கு அந்தப் போர்வைய காயப் போட்டாளா, என்னைக் கூப்பிட்டாளான்னு."

"நீங்களே கேக்கலாமே?"

"கேக்கத் தெரிஞ்சா உங்கிட்ட எதுக்கு வர்றேன்? நீதான் மைக்க நீட்டி ஊருல எல்லாரையும் கேக்கிறவன். கூப்பிட்டாள்னா நான் இங்கயே இருந்துடுவேன். இல்லேன்னா இவெட்டோட போறேன். சீக்கிரம் சொல்லு, பெட்டி கட்டணும்."

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

"புயல் இறக்கைகளை முறுக்கியது. ஹெக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு மேகத்துக்குள்"

(இங்கே நிறுத்தினேன். ஹெக்டர் புயலுக்குள் போனதே இல்லை. கரிய மேகத்தைப் பார்த்தால் திரும்பிவிடுவார். பாதியில் திரும்பி வந்த பயணங்களைத்தான் பெருமையாகச் சொல்வார். இங்கே வயதான விமானிகள் எல்லோருமே அப்படித்தான். மற்ற மாதிரி விமானிகளுக்கு வயதாவதில்லை.)

"வடக்கின் கடைசி விமானி ஒருவர்"

(பொய். அவருடைய விமானத்தை இப்போது அவர் அண்ணன் மகள் ஓட்டுகிறாள். நன்றாகவே ஓட்டுகிறாள். அவள் தரையிறங்கும்போதெல்லாம் ஹெக்டர் படகுத்துறையில் நின்று குறை சொல்கிறார்.)

"ஏரி உறைவதற்கு முந்தைய அந்த நாட்களில் இந்த ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு"

(ஊர் மூச்சையெல்லாம் பிடிக்கவில்லை. வானொலியில் பிங்கோ என்கிற எண் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தது. எண்களை வாசித்தது நான்தான்.)

எனவே தொடக்கத்தை விட்டுவிட்டு, நடந்ததற்குப் போகிறேன்.

3

இது நடந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இலையுதிர்காலத்தின் கடைசி மிதவைப் பயணம். வேட்டைக்காரர்களை இறக்கிவிட்டு வெறும் விமானத்தோடு திரும்பிக்கொண்டிருந்தார் ஹெக்டர். ஊருக்கு வந்ததும் விமானத்தைக் கரையில் ஏற்றி, மிதவைகளைக் கழற்றவேண்டும். அதோடு அந்தப் பருவம் முடிந்தது. வழியில் நீள்குடா. அங்கே டெல்ஃபினின் மீன்பிடி முகாம்: ஒரு மரவீடு, மீன் உலர்த்தும் பரண், நாய்கள். புருஷன் போன பிறகும் அவள் தனியாகத்தான் வலை போடுகிறாள்.

கரைப் பாறையில் சிவப்பாக ஒன்று விரிந்து கிடந்தது.

இந்தப் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். கரையில் வண்ணத்துணி தெரிந்தால் எந்த விமானியும் இறங்கிப் பார்க்கவேண்டும். அங்கே யாருக்கோ உயிருக்கு ஆபத்து. அதனாலேயே முகாம்களில் யாரும் கரையோரம் துணி காயப்போட மாட்டார்கள். துவைத்ததெல்லாம் வீட்டுக்குப் பின்னால், மரங்களுக்கு நடுவே தொங்கும்.

ஹெக்டர் இறங்கினார். டெல்ஃபின் மீன் அறுக்கும் கத்தியோடு வெளியே வந்தாள்.

"யாருக்கு என்ன ஆச்சு?" என்றார் ஹெக்டர்.

"யாருக்கு என்ன ஆகணும்?"

"போர்வை விரிச்சிருக்கே!"

"நனைஞ்சுபோச்சு. காய வெச்சேன்."

"கரையிலயா?"

"வெயில் அங்கதான் அடிக்குது. சூரியனை வீட்டுக்குப் பின்னால வரச்சொல்லு, அங்க காயப் போடுறேன். டீ குடிக்கிறியா, இல்ல கத்திட்டுப் போகத்தான் வந்தியா?"

டீ குடித்தார். காற்று நின்றது. இன்னொரு கப் கேட்டுக் குடித்தார். சூப் வந்தது. அதற்குள் வெளிச்சம் போய்விட்டது. காலையில் எழுந்து பார்த்தால் குடா முழுக்க மெல்லிய பனித்தகடு. அதன்மேல் விமானத்தை ஓட்டினால் மிதவையின் அலுமினியத்தைக் கத்தி போலக் கிழித்துவிடும். சறுக்குக் கட்டையோடு இன்னொரு விமானம் வந்து இறங்குவதற்கோ பனி கெட்டியாகவேண்டும். ஊருக்குத் தகவல் சொல்லிவிட்டு, இருவருமாக விமானத்தை மரக்கட்டைகள்மேல் இழுத்து ஏற்றினார்கள். அப்புறம் காத்திருந்தார்கள். வாரக்கணக்கில்.

அந்த வாரங்களைப் பற்றி எனக்குத் தெரிந்தது சொற்பம். குளிரில் எஞ்சின் எண்ணெய் உறையாமலிருக்க அதை வடித்து அடுப்பருகே வைப்பது விமானிகளின் பழக்கம். ஹெக்டரும் வடித்து உள்ளே கொண்டுவந்தார்.

"என் சூப்புக்கே அடுப்புகிட்ட இடமில்ல. உன் எண்ணெய்க்கு இடமா?" என்றாளாம்.

"சூப்பு உறைஞ்சா நக்கித் திங்கலாம். இது உறைஞ்சா?"

"பறக்கவே போறதில்ல, அதுக்கு எதுக்கு எண்ணெய சூடா வெக்கிற?"

ஆனால் எண்ணெய் டின் அடுப்பருகிலேயே இருந்தது. அவள் சூப்புப் பானையைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள். இதைச் சொன்னது ஹெக்டர். சொல்லும்போது பானை நகர்ந்த தூரத்தைக் கையால் காட்டினார்.

(* ஊர் சும்மா இருக்குமா? அவர் திரும்பி வந்த பிறகு, அந்தக் குளிர்காலம் முழுக்கக் கடையில் ஒரே கேள்விதான்: "என்ன ஹெக்டர், பனி கெட்டியாச்சா?" ஹெக்டர் காது கேளாதவர்போல ஆணி வாங்கிக்கொண்டு போவார்.)

அதற்குப் பிறகு அவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. ஹெக்டர் முகாமுக்கு மாவு கொண்டுபோனார், டெல்ஃபின் வெண்மீன் கொடுத்தனுப்பினாள். எஞ்சின் சத்தம் கேட்டதும் அடுப்பில் கெட்டில் ஏறும். அவ்வளவுதான் அவர்கள் பழக்கம். இப்போது எஞ்சினும் இல்லை.

4

டெல்ஃபினை எப்படி எழுதுவது என்று எனக்குச் சந்தேகம் இருந்தது. முதல் பிரதியில் அவளை ஜன்னலோரம் உட்கார்த்தி, உறையும் ஏரியைப் பார்த்துப் பெருமூச்சுவிட வைத்தேன். எழுதி முடித்த அன்றே அவள் வானொலி நிலையத்துக்கு நேரில் வந்தாள். காக்கையைத் திட்டிக்கொண்டே படியேறினாள். என் ஜன்னல் பெண் அப்போதே செத்துப்போனாள்.

பிங்கோ அட்டை வாங்க வந்திருந்தாள். மேசைமேல் இருந்த தாள்களைப் பார்த்தாள்.

"இது என்ன எழுத்து? கொக்கி மாதிரி வளைஞ்சு வளைஞ்சு?"

"நான் பொறந்த ஊரு எழுத்து. கதை எழுதுறேன்."

"யாரப் பத்தி?"

நிருபர் வேலையில் நான் கற்றது: நேரடியாகக் கேட்பவரிடம் சுற்றி வளைத்தால் கேள்வி இரண்டாகும்.

"உன்னையும் ஹெக்டரையும் பத்தி."

அவள் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"படி. எனக்குப் புரியற மாதிரி மாத்திப் படி. பொய் சொன்னா மூஞ்சியிலயே தெரியும் உனக்கு."

5

நான் அவளுக்குப் படித்த முடிவுகள் இவை.

முடிவு ஒன்று. ஹெக்டர் பெட்டியோடு துறையில் நிற்கிறார். டெல்ஃபின் ஓடி வருகிறாள். "கூப்பிட்டேன்தான், மடையா" என்கிறாள். விமானம் அவரில்லாமல் கிளம்புகிறது.

முடிவு இரண்டு. நிருபர் போய்க் கேட்கிறான். டெல்ஃபின் சிரித்து, "ஈரப் போர்வைக்கு இவ்வளவு ஆராய்ச்சியா?" என்கிறாள். நிருபர் அதை ஹெக்டரிடம் சொல்லும்போது வேறு மாதிரி மாற்றி

(இதை முடிக்கவில்லை. மாற்றிச் சொல்லலாமா கூடாதா என்று எனக்கே தெரியவில்லை.)

முடிவு மூன்று. ஹெக்டர் நகரத்துக்குப் போய்விடுகிறார். மகள் வீட்டுப் பால்கனியில் உட்கார்ந்து, எதிர்க் கட்டடங்களில் காயும் துணிகளை எண்ணுகிறார். டெல்ஃபினிடமிருந்து ஒருநாள் தொலைபேசி வருகிறது. "இங்க காத்து நின்னுபோச்சு" என்கிறாள்.

மூன்றாவதுதான் நன்றாக வந்திருக்கிறது என்று எனக்கு எண்ணம். படித்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன்.

6

"உங்கிட்ட கெட்டில் இல்லையா?" என்றாள்.

டீ போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

"முதல் முடிவுல நான் ஓடிவர்றேன். என் முட்டிக்கு ஓட்டம் எங்கேர்ந்து வரும்? போகட்டும். ரெண்டாவதுல நான் சிரிக்கிறேன். மூணாவதுல நான் போன் பண்றேன். கவனிச்சியா? மூணுலயும் நான்தான் பேசறேன். அவன் எதுலயாவது வாயத் தொறக்கிறானா?"

தாள்களைப் புரட்டினேன். இல்லை. எத்தனை ஆண்டுகளாகச் செய்தி எழுதுகிறேன். இரண்டு பக்கமும் விசாரிக்கவேண்டும் என்று புதிதாக வருபவர்களிடம் நானே சொல்லுவேன். ஹெக்டரின் கேள்வியை வாங்கிக்கொண்டு, ஹெக்டரை நான் எதுவுமே கேட்டிருக்கவில்லை.

"போர்வைய பத்தி மட்டும்தான கேட்டு அனுப்பினான்?"

"ஆமா."

"இந்த ஏரியில அவன் எவ்வளவு காலமா பறக்கிறான்? காத்து நின்னா குடா உறையும்னு அவனுக்குத் தெரியாதா? என் நாய்க்குக்கூடத் தெரியும். காத்து நின்னப்ப அவன் கையில காலிக் கப் இருந்துச்சு. எழுந்து போயிருந்தா ஊருக்குப் போயிருப்பான், வெளிச்சம் நிறைய இருந்துச்சு. ஜன்னல் வழியா தண்ணியப் பாத்தான். நல்லாப் பாத்தான். பாத்துட்டு என்ன பண்ணினான்?"

"இன்னொரு கப் கேட்டார்."

"கேட்டானில்ல? அது எதுக்குன்னு அவனை எங்கிட்ட வந்து சொல்லச் சொல்லு. அப்புறம் போர்வைய பத்திப் பேசலாம்."

எழுந்தாள். வாசலில் நின்று, "இதையும் அந்தக் கொக்கி எழுத்துல எழுதிடுவ, இல்ல?" என்றாள்.

"எழுதலாமா?"

"எழுது. இங்க எவனுக்கும் படிக்கத் தெரியாது. மூணு முடிவையும் அடிச்சிடு."

(* அடிக்கவில்லை. மேலே அப்படியே இருக்கின்றன. இந்தப் பக்கத்தில் அவள் பேச்சை மீறி நடந்தது அது ஒன்றுதான்.)

7

ஹெக்டர் துறையில் அண்ணன் மகளின் தரையிறக்கத்தைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

"கேட்டியா?"

"உங்க கேள்விய கேக்கல. அவ கேள்விதான் வந்திருக்கு. காத்து நின்னப்பறம் எதுக்கு ரெண்டாவது கப் டீ கேட்டீங்கன்னு."

அவர் தொப்பியைக் கழற்றினார், உள்ளே பார்த்தார், மறுபடி போட்டுக்கொண்டார்.

"அவ அதைக் கவனிச்சாளா?" என்றார்.

அந்தக் குரலை எழுத்தில் கொண்டுவர நாலு வாக்கியம் எழுதி, நாலையும் எடுத்துவிட்டேன். ஆச்சரியம் என்றால் போதவில்லை, சந்தோஷம் என்றால் மிகையாகிறது. இத்தனை ஆண்டு அவர் மேலேயிருந்தே எல்லாவற்றையும் பார்த்தவர். தன்னையும் ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது அவருக்குப் புதிய செய்தி.

மறுநாள் காலை ஒரு படகை இரவல் வாங்கிக்கொண்டு கிளம்பினார். டெல்ஃபின் முகாமுக்குத் திரும்பியிருந்தாள். குடாவின் ஓரங்களில் பனி பிடிக்கத் தொடங்கியிருந்தது. நடுவில் நீர் திறந்திருந்தது. இவெட் வர இன்னும் அவகாசம் இருந்தது. பெட்டி கட்டியாயிற்றா என்று நான் கேட்கவில்லை. படகு கரைமுனையைத் தாண்டித் திரும்பியதும், ஒரு நிருபராக நான் உங்களுக்குச் சொல்லக்கூடியது முடிந்தது. மிச்சம் என் ஊகம்.

அந்தப் படகின் சத்தம் அவளுக்குப் பழக்கமில்லாதது. ஆகவே கெட்டில் அடுப்பில் இல்லை. ஹெக்டர் கரையேறிக் கதவின்முன் நிற்கிறார். எங்கள் பக்கத்தில் யாரும் கதவைத் தட்டுவதில்லை. திறந்துகொண்டு உள்ளே போய், பூட்ஸைக் கழற்றிவிட்டு உட்காரவேண்டியதுதான். தட்டுவது போலீஸ் மட்டும். இதையெல்லாம் மறந்து ஹெக்டர் தட்டிவிடுகிறார்.

"யாரு, போலீஸா?" என்கிறாள் டெல்ஃபின் உள்ளேயிருந்து.

அடுத்த வரி ஹெக்டருடையது. அதை நான் எழுதித் தரப்போவதில்லை, அவரே வந்து சொல்லட்டும் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. உங்களால் எழுத முடியும் என்று தெரியும். ஆனால் கொஞ்சம் பொறுங்கள். இறங்கிப் பழக்கமில்லாத நீரைக் கண்டால் இந்த விமானிகள் மேலேயே ஒருமுறை சுற்றிப் பார்ப்பார்கள். அவர் கதவின் முன்னால்தான் நிற்கிறார். சுற்றிவிட்டு வரட்டும்.