நாற்பத்தோராவது நடுக்கம்

நாற்பது கார்களின் நடுக்கம் பத்து வருடமாக வெல்டரின் வீட்டில் குடியிருக்கிறது. முன்பு நாற்பத்தொன்று இருந்தது. கார்கள் எங்கெங்கோ ஓடுகின்றன; நடுக்கம் மட்டும் இங்கே தங்கிவிட்டது. பல் டாக்டர் தன் காரைக் கிளப்பினால் இந்த வீட்டுக் கண்ணாடி ஆடும். டைல்ஸ் கடைக்காரர் மேம்பாலம் ஏறினால் ஜன்னல் கம்பி கிணுகிணுக்கும். ஆரம்பத்தில் அக்கம்பக்கத்தார் நிலநடுக்கம் என்று தெருவுக்கு ஓடிவந்தார்கள். பிறகு அவர்களுக்கும் பழகிவிட்டது.

எல்லாவற்றுக்கும் காரணம் வெல்டரின் ரோஷம். டர்போ வைத்த காரில் இன்ஜின் கக்கும் புகை நெருப்பாய்க் கொதிக்கும். கம்பெனி கொடுத்த புகைக்குழாயைக் கழற்றிப் போட்டுவிட்டு, இன்னும் வேகம் வேண்டுமென்று வெளியில் செய்த குழாயை மாட்டிக்கொள்ள ஆட்கள் அவரிடம் வருவார்கள். அந்தக் குழாயின் நடுவே ஃப்ளெக்ஸ் என்று கம்பிப் பின்னல் போட்ட துண்டு ஒன்று வைக்க வேண்டும். இன்ஜினின் ஆட்டத்தை அது நெளிந்து நெளிந்து வாங்கிக்கொள்ளும், ஒரு நாள் கிழிந்தும் போகும். கிழிந்தால் வண்டி கத்தும், வண்டிக்காரர் அதைவிடக் கத்துவார். எட்டு மாதத்தில் மூன்று பேர் அப்படி வந்து நின்றதும் வெல்டருக்கு மானம் போய்விட்டது. ஃப்ளெக்ஸே இல்லாமல், யாரும் போடாத கனத்தில், ஒரே கெட்டிக் குழாயாகப் பற்றவைத்தார். முதல் குழாயை, மகன் ஊரில் இல்லாத நாளாகப் பார்த்து, அவன் காரிலேயே மாட்டினார்.

அந்தப் பழைய காரை நட்டு நட்டாகப் பிரித்துத் தன் கையாலேயே சேர்த்தவன் மகன். திரும்பி வந்து அடியில் படுத்துப் பார்த்தான்.

"அப்பா, இன்ஜின் ஆட்டம் எங்கயாவது போயாகணும்ல?"

"எங்கயோ போகட்டும். என் வெல்டு விடாது."

"என் வண்டிய என்னைக் கேக்காம தொட்டிருக்கீங்க."

"தொட்டா என்ன? நீயே நான் வளத்த புள்ளதானே."

அதற்கு மேல் பேச்சு தடித்துவிட்டது. மகன் பெட்டியை எடுத்துக் காரில் போட்டுக்கொண்டு, "இந்தக் குழாய் என்னைக்கு உடையுதோ அன்னைக்கு வரேன்" என்றான். "இந்த ஜென்மத்துல உடையாது" என்று சிரித்தார் வெல்டர். சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. அதற்குள் கார் தெருமுனை திரும்பியிருந்தது.

அன்றைக்கே சமையலறை ஸ்டாண்டில் மகனின் தட்டு தானாக அதிர ஆரம்பித்தது. எலி என்று நினைத்தாள் வெல்டரின் மனைவி. மறுநாள் காலை ஏழு நாற்பதுக்கு மறுபடி அதிர்ந்தது, அதற்கடுத்த நாளும் அதே நேரம். அவளுக்குப் புரிந்துவிட்டது. மகன் போனை எடுப்பதில்லை. ஆனால் எழுந்து வேலைக்குக் கிளம்புகிறான், மழை நாளில் தாமதமாகக் கிளம்புகிறான், ஞாயிற்றுக்கிழமை எங்கேயும் போவதில்லை. இதையெல்லாம் அவள் தட்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள்.

இதற்குள் வெல்டர் 'ஆயுசு' என்று பட்டப்பெயர் வாங்கி, இன்னும் நாற்பது கார்களுக்குக் கெட்டிக் குழாய் போட்டுவிட்டார். கட்டில் தானே நகர்ந்து நகர்ந்து வாசலுக்கு வந்தது. அவருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. ஒரு குழாய் விட்டால் மகனுடையதும் விடும் என்று நம்பி, வண்டி வண்டியாகத் தேடிப் போய், "விரிசல் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார். "கல்லு மாதிரி இருக்குங்க" என்றார்கள் எல்லோரும். முகம் தொங்கிப்போய்த் திரும்புவார். நன்றாக வேலை செய்ததற்காக இவ்வளவு அழுத மனிதர் வேறு யாரும் இருக்க முடியாது.

ஐந்தாம் வருடம் ஒரு திங்கட்கிழமை தட்டு அதிரவில்லை. செவ்வாயும் இல்லை, புதனும் இல்லை. வீடே குலுங்கும்போது அந்த ஒரு தட்டு மட்டும் அசையாமல் இருந்தது. மனைவி அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"உங்க வெல்டு விடாதுன்னா, வண்டி ஏன் நிக்குது?"

வெல்டர் வாசலுக்குப் போய்த் தெருமுனையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வியாழக்கிழமை மத்தியானம் மகன் பஸ்ஸில் வந்து இறங்கினான். சாக்கில் சுற்றிய குழாயைப் பட்டறை மேசையில் வைத்தான். இரண்டு துண்டாக இருந்தது.

"உடைஞ்சிடுச்சுப்பா."

வெல்டர் துண்டுகளைத் திருப்பிப் பார்த்தார். சூட்டில் இரும்பு நீலம் பாய்ந்திருந்தது. பற்றவைத்த இடங்களில் மயிரிழைகூட விடவில்லை. குழாயின் நடுவே, நூல் பிடித்த மாதிரி நேரான வெட்டு. அதில் ரம்பத்தின் பல் தடம் வரி வரியாகத் தெரிந்தது. அந்தக் கனத்தைக் கையால் அறுக்க மூன்று நாளாவது ஆகும். மகனின் உள்ளங்கை முழுக்கக் கொப்புளம்.

"ஆமா," என்றார். "என் வெல்டுதான் விட்டுடுச்சு."

பிறகு, "நடுவுல ஃப்ளெக்ஸ் வெச்சுத் தரட்டுமா?" என்று கேட்டுவிட்டு, அவன் பதில் சொல்லும்வரை வெல்டிங் டார்ச்சைத் தொடாமல் நின்றார்.

மற்ற நாற்பது பேரும் தங்கள் குழாயில் கைவைக்க விடவில்லை. அதனால் வீடு இன்றைக்கும் நடுங்குகிறது. வெல்டரின் மனைவி டம்ளரில் பாதிக்கு மேல் ஊற்றுவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று டம்ளர் வைக்கிறாள்.