பிளக்கைப் பிடித்திருந்த ஐந்து நிமிடம்

அன்று பின்னேரம் கொழும்பில் எங்கள் வெள்ளவத்தை வீட்டின் முன்னறையில் இருந்தவர்கள்: கனகசபாபதியாகிய நான், என் மனைவி ஜெகதீஸ்வரி, யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்து எங்களுடன் தங்கியிருந்த என் தம்பி மகள் கௌரி, ஒரு சப்-இன்ஸ்பெக்டர், இரண்டு பொலிஸ்காரர். வேறு எவரும் இல்லை. ஆண்டு 1986.

மேசையில் கௌரி மலிவாக வாங்கிய கொம்பியூட்டர் இருந்தது. அதற்குப் பெட்டி கிடையாது. ஒற்றைப் பச்சைப் பலகை, அதிலிருந்து ரீ.வி.க்கும் கசெற் றெக்கோடருக்கும் வயர்கள். கசெற்றிலுள்ள புரோகிராமை ஏற்றும்போது கீச்சென்று கத்தும். அந்தச் சத்தம் வெளியே ஒழுங்கைவரை கேட்டுத்தான் பொலிஸ் வந்திருக்க வேண்டும்.

"இது என்ன?" என்று சப்-இன்ஸ்பெக்டர் சிங்களத்தில் கேட்டார்.

பலகையையும் வயர்களையும் கண்டு குண்டு என்று நினைத்துவிடுவாரோ என்ற பயத்தில், முப்பது வருடம் அரசாங்க உத்தியோகம் பார்த்த நான், சிங்களத்தில் ஐயா போட்டுப் பொய் சொன்னேன். "றேடியோ, மாத்தயா."

"றேடியோவா? லைசன்ஸ் எங்கே? யாரோடு பேசுகிறது?" அவர் கௌரியைப் பார்த்தார். "இவளை ஜீப்பில் ஏற்றுங்கள்."

ஜீப்பில் ஏறிய தமிழ்ப் பிள்ளைகளில் எத்தனை பேர் திரும்பினார்கள் என்பது எனக்குத் தெரியும்.

"பெரியப்பா, உண்மையைச் சொல்லுங்கோ. நான் போட்டுக் காட்டுறன்," என்றாள் கௌரி.

கொம்பியூட்டர் என்று சொன்னேன். போட்டுக் காட்ட அவர் ஐந்து நிமிடம் தந்தார்.

சுவரில் பிளக் தளர்ந்திருந்தது. கரண்ட் ஒரு கணம் விட்டாலும் ஏற்றியது அத்தனையும் அழிந்துவிடும். முதல் தடவை அப்படித்தான் அழிந்தது.

"ஆராவது பிளக்கைப் பிடியுங்கோ!" என்றாள் கௌரி.

பிளக் சப்-இன்ஸ்பெக்டரின் சப்பாத்துக்குப் பக்கத்தில் இருந்தது. எந்த மனிதன் முன்னாலும் மடங்காத முழங்காலை மடக்கினேன். கசெற் கத்தியது. கை நடுங்கினால் பிளக் ஆடும். பிளக் ஆடினால் பிள்ளை போய்விடுவாள். மூச்சை அடக்கிக்கொண்டு பிடித்தேன்.

திரை பிறந்த திகதியைக் கேட்டது.

"மாத்தயாவின்ர திகதியைக் கேளுங்கோ பெரியப்பா. பிறந்த கிழமையைச் சொல்லும்."

கேட்டேன். "1951 மார்ச் 14," என்றார். புதன் என்று வந்தது.

தன் சாதகத்தில் இருந்த கிழமை அவருக்குத் தெரிந்திருந்தது. "பதாதா தமா!" என்று சிரித்தார். புதன்தான்! பொலிஸ்காரர் இருவரும் தங்கள் திகதிகளைச் சொல்லிப் பார்த்துவிட்டே போனார்கள்.

"எழும்புங்கோ, போயிட்டினம்," என்றாள் ஜெகதீஸ்வரி.

"பிளக்கை விடவே?"

"விடுங்கோப்பா! இனி அழிஞ்சால் அழியட்டும்."

கதவு திறந்திருந்தது; எதிர்வீட்டார் பார்த்திருக்கிறார்கள். கனகசபாபதி பொலிஸ்காரனின் காலில் விழுந்து பிள்ளையை மீட்டார் என்று கிருலப்பனைவரை கதை போயிருக்கிறது. நான் எவர் காலிலும் விழவில்லை. பிளக்கைப் பிடித்தேன்.