நாலரை வருஷக் கார்

சனிக்கிழமை காலை பத்தே காலுக்குப் பல் டாக்டர் ஷோரூமுக்குள் நுழைந்து, முதலில் நின்ற காரின் டயரை உதைத்தார். ஆடும் பல்லைத் தட்டிப் பார்ப்பதுபோல் மெதுவாகத்தான்.

"அப்பா, உதைக்காதீங்க," என்றாள் மகள்.

"வலிச்சா அதுவே சொல்லும்."

அவருக்கு எழுபத்தாறு. கிளினிக்கை மூடி ஆறு வருடம், மனைவி போய் மூன்று. தனி வீடு. பழைய கார் போன வாரம் சிக்னலில் நின்றது, பிறகு எதற்கும் மசியவில்லை. நீச்சல் குளம், நண்பர்கள், ஆஸ்பத்திரி எல்லாம் அந்தக் காரில்தான். யாரிடமும் 'கொஞ்சம் கொண்டுபோய் விடறியா' என்று அவர் கேட்டதில்லை.

மகள் காப்பீட்டுக் கம்பெனியில் ஆயுள் கணக்குப் போடுகிறவள். இந்த வயது, இந்தச் சர்க்கரை, இத்தனை சிகரெட் என்றால் இன்னும் எத்தனை வருடம் என்று சொல்வதற்குச் சம்பளம். அங்கே வேலைக்குச் சேரும் முதல் நாள் எல்லோரும் தங்கள் கணக்கைப் போட்டுப் பார்ப்பார்கள். விடையை யாரும் வெளியே சொல்வதில்லை. இதை ஒருமுறை அப்பாவிடம் உளறி, சித்திரகுப்தி என்ற பட்டப்பெயரை வாங்கிக்கொண்டாள்.

விற்பனையாளர் நாற்காலிகளை இழுத்துப் போட்டார்.

"லீஸா சார், சொந்தமா?"

"லீஸ்," என்றாள் மகள்.

"சொந்தம்," என்றார் அப்பா.

விற்பனையாளர் இருவருக்கும் பொதுவாகச் சிரித்து வைத்தார்.

"லீஸ்னா பல்செட்டு," என்றார் அப்பா. "ராத்திரியானா கழட்டிக் கிண்ணத்துல போடணும். எனக்கு வேர் பிடிச்ச பல்லு வேணும்."

"கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்பா. லீஸ்தான் லாபம். ரிப்பேர் அவங்க பொறுப்பு. போதும்னா திருப்பிக் குடுத்துடலாம்."

"மேடம் சொல்றது சரிதான் சார்," என்றார் விற்பனையாளர். "அஞ்சு வருஷத்துக்கு மேல ஓட்டறவங்கதான் சொந்தமா வாங்கணும். அதுக்குள்ளன்னா லீஸ்தான்."

அப்பா தலையைத் திருப்பவில்லை. கண்கள் மட்டும் மகள் பக்கம் வந்தன. நாற்பது வருடம் அடுத்தவர் வாய்க்குள் சொத்தை தேடிய கண்கள்.

"எனக்கு எத்தனை போட்டே?"

"இங்க வேணாம்பா."

விற்பனையாளர் தண்ணீர் கொண்டுவரும் சாக்கில் எழுந்தார்.

"உக்காருங்க தம்பி. உங்க வியாபாரமும் இதுலதான் இருக்கு. சொல்லும்மா."

"நாலரை."

"அரை எதுக்கு? சுடுகாட்டு வாசல்ல பார்க்கிங் தேடவா?"

"சாகற கணக்கு இல்லப்பா. ஓட்டற கணக்கு. கண்ணு, முட்டி எல்லாம் இருக்குல்ல. அதுக்கப்புறமும் நல்லா இருப்பீங்க."

"எங்க இருப்பேன்?"

"எங்க வீட்டுல."

"மாடி ரூம்ல, ஜன்னலோரம், நீ ஆபீஸ் விட்டு எப்ப வருவேன்னு பாத்துக்கிட்டு. பேசாம சாகற கணக்கையே போட்டிருக்கலாம்."

அந்த ஜன்னலுக்குத் திரைச்சீலைகூட வாங்கியாயிற்று.

அப்பா எழுந்து, தான் உதைத்த காரிடமே போனார். உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்தார்.

"இதுதான். சொந்தமா. வாரண்டி எத்தனை வருஷம்?"

"ஏழு சார்."

"கேட்டியா? தகரத்துக்கு ஏழு குடுக்கறாங்க. பெத்த பொண்ணு நாலரைலயே நிக்கறா."

"நஷ்டம்பா."

"அது உனக்குத்தானே வரும்? நான்தான் இருக்க மாட்டேனே."

விற்பனையாளர் இருமி, நிற அட்டையை எடுக்க ஓடினார். மகள் சுற்றிவந்து பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தாள். கைப்பையைத் துழாவி, காலையில் மறந்த ரத்த அழுத்த மாத்திரையை எடுத்துத் தண்ணீர் இல்லாமல் விழுங்கினாள். அது அவள் அம்மா விழுங்கிய அதே மாத்திரை.

காரின் உள்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருந்த அப்பாவின் கை நின்றது. முகத்தில் கிண்டல் இல்லை.

"முதல் நாள் எல்லாரும் போட்டுப் பாப்போம்னு சொன்னியே," என்றார். "உனக்கு எத்தனைம்மா வந்துச்சு?"