மஞ்சள் மெசினும் நீல மெசினும்

என் மகன் செந்தூரன் கனடாவுக்குப் போன நான்கு வருடத்தில் என்னோடு நேரே கதைத்த முதல் விஷயம், பனிக்கு மேலே ஓடுகிற ஒரு மெசினைப் பற்றியது. அதுவரைக்கும் தாயோடு கதைப்பான், தங்கையோடு கதைப்பான், போனை வைக்கிற நேரத்தில் "அப்பா சுகமே?" என்று கேட்பான். "ஓம், சுகம்" என்று அவர்களே எனக்கும் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள். நான் பக்கத்துக் கதிரையில்தான் இருப்பேன்.

குற்றம் என் பக்கமும் உண்டு. உருத்திரபுரத்தில் உழவு மெசின் திருத்துகிற என் கராஜை அவன் எடுத்து நடத்துவான் என்று நினைத்திருந்தேன். அவன் பிளேன் ஏறினான். எனக்குக் கோபம் வந்தால் அதை மறைக்கத் தெரியாது. போகிற அன்றைக்கு பஸ் ஏற்றிவிடக்கூடப் போகவில்லை.

ஆகவே, போன மார்கழியில் ஒருநாள் என் மகள் பிரஷாந்தினி போனை நீட்டி, "அண்ணா உங்களோடதானாம் கதைக்கோணும்" என்றபோது, யாரோ செத்துப்போனார்கள் என்றே நினைத்தேன்.

"அப்பா, ஒரு மெசின் வாங்கப்போறன். உங்களிட்டக் கேக்காமல் எப்பிடி வாங்கிறது?"

அந்த ஒரு சொல்லுக்கு நான் விழுந்துவிட்டேன். என்ன மெசின் என்று கேட்கக்கூடத் தோன்றவில்லை. பிறகு அவனே சொன்னான். அவன் வேலை செய்வது ஒரு பெரிய ஏரிக்கு அக்கரையில் இருக்கிற உல்லாச விடுதியின் சமையலறையில். வீதியால் சுற்றிப் போனால் ஒன்றரை மணித்தியாலம். குளிர்காலத்தில் ஏரி உறைந்துவிடும், அப்போது அந்த மெசினில் குறுக்கே போனால் பதினைந்து நிமிடம். முன்னுக்கு இரண்டு சறுக்குக் கட்டை, பின்னுக்கு ஒரு றப்பர் பட்டி, நடுவில் ஆள் இருக்க ஒரு சீற். பழைய மெசின் இரண்டு விலைக்கு வந்திருக்கிறது. ஒன்று மஞ்சள், மற்றது நீலம். பாரம் குறைந்ததை எடுக்கச் சொல்கிறார்களாம்.

"குளத்துக்கு மேலாலயோ ஓடப்போறாய்?"

"ஓமப்பா. எல்லாரும் ஓடுறவைதானே. போன வருசம் ஒராள் மட்டும் தண்ணிக்குள்ள தாண்டது. அதுவும் கரைப் பக்கம், ஐஸ் மெல்லிசான இடத்தில."

ஒராள் மட்டும் தாண்டதாம். நாளைக்கு மழை பெய்யும் என்பதுபோலச் சொல்கிறான். இரணைமடுக் குளத்தில் வள்ளம் கவிழ்ந்தவனைத் தேடி நாங்கள் அலைந்ததெல்லாம் எனக்குத் தெரியும். இரணைமடுவைவிட அவனுடைய ஏரி எத்தனையோ மடங்கு பெரிது என்று மகள் சொன்னாள். ஒரு கிலோ கூடினாலும் என் பிள்ளை தண்ணீருக்குள் போய்விடுவான் என்று என் மண்டைக்குள் ஏறிவிட்டது. அதன் பிறகு எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

விளம்பரத்தில் மஞ்சள் நானூற்று நாற்பத்து மூன்று, நீலம் நானூற்று எழுபத்திரண்டு என்று போட்டிருந்தது. அரைத் தொன் இரும்பைக் கொண்டுபோய் ஐசுக்கு மேல் விடப் பார்க்கிறானே என்று ஒரு பகல் முழுக்க வீட்டில் சத்தம் போட்டேன். பின்னேரம்தான் பிரஷாந்தினி, "அது கிலோ இல்லையப்பா, றாத்தல்" என்றாள். கிலோவுக்கு மாற்றினால் மஞ்சள் இருநூற்றொன்று, நீலம் இருநூற்றுப் பதினாலு. இதைக் காலையிலேயே சொல்லியிருந்தால் என் தொண்டை மிஞ்சியிருக்கும்.

ஒரு கொப்பி எடுத்து எழுதினேன். மகள் எட்டிப் பார்த்தாள்.

"ஏனப்பா ரெண்டிலயும் ரெண்டு கிலோ குறைச்சு எழுதியிருக்கிறீங்கள்?"

"சாக்குக் கழிவு."

"மெசினுக்கு எங்கையப்பா சாக்கு?"

எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. இரண்டு ஏக்கர் நெல்லை வருடாவருடம் வியாபாரிக்கு நிறுத்துக் கொடுத்த கை. சாக்கோடு நிறு, சாக்கைக் கழி, எழுது. எந்த இலக்கத்தைக் கண்டாலும் கை தன்பாட்டில் கழிக்கிறது.

அடுத்த கிழமை மகள் இன்ரநெற்றில் தேடி இன்னொரு குண்டைப் போட்டாள். கொம்பனிக்காரர் சொல்கிற நிறை உண்மை நிறை இல்லையாம். பெற்றோல் இல்லாமல், ஒயில் இல்லாமல், சில பேர் பற்றரியும் இல்லாமல் நிறுத்துவிட்டு அதைத்தான் புத்தகத்தில் போடுகிறார்களாம். வாங்கின ஆட்கள் தராசில் ஏற்றிப் பார்த்தால் ஐம்பது கிலோ கூடவாம்.

"பற்றரியும் இல்லாமல் நிறுத்தால் அது மெசினே? கோது!" என்று கத்தினேன். பக்கத்து வளவில் நின்ற சிவராசா, உழவு மெசின் ஓடுகிறவர், வேலிக்கு மேலால் தலையை நீட்டி என்ன பிரச்சினை என்று கேட்டார். சொன்னேன். அவர், "சேத்துக்க மெசின் மூக்குத் தூக்காமல் இருக்க நாங்கள் முன்னுக்கு மண் மூட்டை கட்டுறம்தானே, தம்பியையும் கட்டச் சொல்லுங்கோவன்" என்றார். நானும் மகனுக்குச் சொன்னேன். அங்கே மண் உறைந்து கல்லாகிக் கிடக்கிறது, அள்ள முடியாது என்றான். அதோடு, பாரத்தைக் குறைக்கத்தானே அப்பா பார்க்கிறோம் என்றும் கேட்டான். அதுவும் சரிதான்.

கடைசியில் கட்டளை போட்டேன். புத்தகமும் வேண்டாம், இன்ரநெற்றும் வேண்டாம். இரண்டையும் தராசில் ஏற்று, நான் பார்க்க வேண்டும். அந்த விடுதிக்குச் சின்னப் பிளேனில் சாமான் வருமாம், அதை நிறுக்க ஒரு மேடைத் தராசு இருக்கிறதாம். இரண்டு மெசின்காரரும் சிரித்துக்கொண்டு கொண்டுவரச் சம்மதித்தார்கள்.

சனிக்கிழமை, இங்கே பின்னேரம் ஏழு மணி. அவனுக்குக் காலை. சீனிப் பேணியில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு மகளும் நானும் கொப்பியோடு இருந்தோம். என் மனைவி ஜெகதீஸ்வரி குசினியில் பிட்டு அவித்துக்கொண்டிருந்தா. போனில் செந்தூரன் தெரியவில்லை, தராசின் சிவப்பு இலக்கமும் மேடையின் ஒரு ஓரமும் மட்டும் தெரிந்தன.

மஞ்சள், இருநூற்று அறுபத்து மூன்று. நீலம், இருநூற்று ஐம்பத்தொன்பது.

"புத்தகத்தில மஞ்சள்தானே பாரம் குறைவு?"

"ஓமப்பா. ஆனா அடியில ஐஸ் பிடிச்சிருக்கு."

"தட்டு."

தட்டினான். மஞ்சள் இருநூற்று ஐம்பத்து நாலு. அப்படியென்றால் மஞ்சள்தான் குறைவு. நீலத்திலும் ஐஸ் இருந்தது, தட்டினான், இருநூற்று ஐம்பத்தொன்று. அப்படியென்றால் நீலம். மஞ்சளில் பெற்றோல் நிரம்ப இருக்கிறது, நீலத்தில் அரைவாசிதான் என்றான். நீலத்தையும் நிரப்பினால் பதின்மூன்று கிலோ ஏறும். அப்படியென்றால் மறுபடியும் மஞ்சள். நீலத்தில் பின்னுக்கு ஒரு பெட்டி பூட்டியிருக்கிறது, அதைக் கழற்றலாம் என்றான். நான் பேனையை எறிந்தேன். நிறை என்று ஒன்று உலகத்தில் உண்மையிலேயே இருக்கிறதா என்று சந்தேகம் வந்துவிட்டது. மகள் பேனையை எடுத்துத் தந்தாள்.

"இதெல்லாம் சரிவராது," என்றேன். "மெசின் தனிய ஓடப்போறேல்லை. நீயும்தானே ஏறப்போறாய். உன்ர நிறை எவ்வளவு?"

"எழுபத்தைஞ்சு இருக்கும்."

"இருக்குமோ, இருக்கோ?"

"எழுபத்தைஞ்சு அப்பா."

"சரி, நீலத்தில ஏறி இரு."

ஏறினான். இருநூற்று ஐம்பத்தொன்றும் எழுபத்தைந்தும் முந்நூற்று இருபத்தாறு வரவேண்டும். தராசு முந்நூற்றுப் பத்தில் நின்றது.

"தராசு பழுது."

"இல்லையப்பா, நல்ல தராசு."

"அப்ப ஒரு காலை வெளிய ஊண்டியிருக்கிறாய். ரெண்டு காலையும் உள்ளுக்கு எடு."

"உள்ளுக்குத்தான் இருக்கு."

முந்நூற்றுப் பத்து. என் கை கொப்பியில் கழித்தது. முந்நூற்றுப் பத்தில் இருநூற்று ஐம்பத்தொன்று போக, ஐம்பத்தொன்பது. நான் பிழையாகக் கழித்துவிட்டேன் என்று நினைத்து மறுபடி கழித்தேன். மகளும் தன் போனில் தட்டிப் பார்த்தாள். அதிலும் அதுவே வந்தது.

"தம்பி, மெசினை இறக்கிப்போட்டு நீ தனிய நில்."

"ஏனப்பா? மெசினைத்தானே பாக்கிறம்."

"நில்லடா."

மெசினை இறக்குகிற சத்தம் கேட்டது. பிறகு பெரிய சப்பாத்து இரண்டு தராசில் ஏறின. சிவப்பு இலக்கம் கொஞ்சம் ஆடியது, ஐம்பத்தொன்பதில் நின்றது. அந்தச் சப்பாத்து, தடித்த ஜக்கற், தொப்பி எல்லாவற்றோடும் ஐம்பத்தொன்பது.

போகும்போது அவன் எழுபத்திரண்டு. மெடிக்கல் கடதாசியில் அப்படி இருந்தது. அவன் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து அதை எடுத்து வாசித்தவன் நான்தான்.

"முகத்தைக் காட்டு," என்றேன்.

போனைத் திருப்பினான். நாடிவரைக்கும் ஜக்கற்றை இழுத்துப் பூட்டியிருந்தான். தாயோடு கதைக்கும்போதும் இப்படித்தான் பூட்டியிருப்பான், குளிர் என்பான். "அதையும் திற" என்றேன். திறந்தான். கழுத்தெலும்பு இரண்டும் தனித்தனியே தெரிந்தன. நான்கு வருடம் அந்தப் போனுக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்திருக்கிறேன். ஒருநாளும் எட்டிப் பார்க்கவில்லை.

"குசினியில வேலை செய்யிறவன் எப்பிடியடா இப்பிடி மெலியிறது?" குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"நாள் முழுக்கச் சமைச்சா மணத்திலயே வயிறு நிறைஞ்ச மாதிரிப் போயிடும் அப்பா." சிரிக்கப் பார்த்தான். "றூமுக்கு வந்தா, தனிய இருந்து சாப்பிட மனம் வராது. படுத்திடுவன். பிறகு பின்னேர வேலையும் ஒண்டு இருக்கு."

"எவ்வளவு நாளா?"

அவனுக்குப் பின்னால் யாரோ மெசினை ஸ்ராட் பண்ணினார்கள். நான்கு கிலோ, மூன்று கிலோ என்று மூன்று கிழமை இரும்போடு மல்லுக்கட்டியவனுக்கு, பிள்ளையில் பதின்மூன்று கிலோ போனது தெரியவில்லை. என்ன தகப்பன் நான் என்று என்னையே அடிக்கவேண்டும் போலிருந்தது.

குசினியிலிருந்து ஜெகதீஸ்வரியின் குரல் வந்தது.

"என்னப்பா, தம்பியையும் நிறுத்தனீங்கள் போல கிடக்கு. எத்தினை கிலோவாம்?"

மகள் என்னைப் பார்த்தாள். போனுக்குள் அவனும் என்னைப் பார்த்தான்.

"எழுபத்தைஞ்சு," என்றேன்.

"நான் சொன்னனான்தானே, அங்க போய் உடம்பு வைச்சிட்டானெண்டு!" அவாவின் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். பிட்டு மாவை அவிக்க நீத்துப்பெட்டியில் போடுகிற சத்தம் கேட்டது.

செந்தூரன் ஜக்கற்றை மறுபடியும் பூட்டினான். "அப்ப அப்பா, எந்த மெசினை எடுக்கிறது?"

"எதையெண்டாலும் எடு," என்றேன், குசினிக்குக் கேட்காமல். "நாளைக்கும் இதே நேரம் எனக்கு எடு. சாப்பிட்டுப்போட்டு, தராசில நிண்டுகொண்டு எடு."